செல்லுக்குள் கொழுப்பின் வரவும் செலவும்: ஆய்வகத்தில் கண்டறியும் வழி

ஒரே வகைக் கல்லீரல் செல்களை இரண்டு தட்டுகளில் வளர்த்து, ஒன்றுக்கு ஒலியேட் என்ற நிறைவுறாத கொழுப்பு அமிலத்தையும் மற்றொன்றுக்கு அதே அளவு பால்மிடேட் என்ற நிறைவுற்ற கொழுப்பு அமிலத்தையும் 24 மணி நேரம் கொடுத்துவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், முதல் தட்டின் செல்கள் பளபளக்கும் உருண்டைகளால் நிறைந்திருக்கும். இரண்டாவதில் உருண்டைகள் குறைவாகவே தென்படும். இந்தப் படங்களை முதன்முறையாகப் பார்க்கும் மாணவர் பெரும்பாலும் முதல் தட்டே நோயுற்றது என்று சொல்வார். நடப்பது நேர்மாறானது. உருண்டைகள் நிறைந்த செல்கள் தட்டில் நன்றாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. உருண்டைகள் குறைந்த செல்கள்தாம் சுருங்கி உதிரத் தொடங்குகின்றன.

செல்லுக்குள் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதைவிட, வந்த கொழுப்பு எங்கே போயிற்று, எவ்வளவு வேகமாகப் போயிற்று என்பதே சமநிலையைத் தீர்மானிக்கிறது. ஆகவே ஒரு படத்தை எடுத்து ‘கொழுப்பு கூடியிருக்கிறது’ என்று எழுதுவதோடு நின்றுவிடாமல், வரவையும் செலவையும் தனித்தனியே காட்டும் சோதனைகளை எப்படி அமைப்பது என்பதை இங்கே விளக்குகிறேன். செல் வளர்ப்பு அறையும் ஒளிர் நுண்ணோக்கியும் கிடைக்கும் முதுநிலை மாணவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக ஹெப்-ஜி2 என்ற மனிதக் கல்லீரல் புற்றுச் செல்வரிசையைக் கொள்கிறேன்.

தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

கட்டுறாத கொழுப்பு அமிலம் சோப்பைப் போன்றது. ஒரு முனை நீரை விரும்பும். நீண்ட வால் நீரை வெறுக்கும். அது செல்லுக்குள் அளவுமீறிச் சேர்ந்தால் சவ்வுகளின் கட்டமைப்பையே குலைத்துவிடும். எனவே உள்ளே நுழைந்த கொழுப்பு அமிலத்தின் மீது அசைல்-கோஏ சிந்தேஸ் என்னும் நொதி கோஎன்சைம்-ஏயைப் பூட்டி, அதை ஏதேனும் ஒரு பாதையில் அனுப்பி வைக்கிறது. சவ்வுக்குரிய பாஸ்போலிப்பிடாக மாறுவது ஒரு பாதை. மைட்டோகாண்ட்ரியாவில் எரிந்து ஆற்றலாவது இன்னொன்று. மூன்று கொழுப்பு அமிலங்கள் கிளிசராலோடு இணைந்த டிரைகிளிசரைடாகச் சேமிக்கப்படுவது மூன்றாவது. கல்லீரல் செல்லைப் போன்ற சிலவற்றுக்கு, லிப்போபுரதத் துகளாகக் கட்டி இரத்தத்துக்கு அனுப்பும் நான்காவது பாதையும் உண்டு. ஹெப்-ஜி2 செல்கள் இந்த நான்காவது பாதையில் மிகவும் பலவீனமானவை என்பதால், அவற்றில் கிடைக்கும் முடிவை அப்படியே கல்லீரலுக்குப் பொருத்திவிடக் கூடாது.

சேமிப்பின் கடைசிப் படியைச் செய்பவை டிஜிஏடி-1, டிஜிஏடி-2 என்னும் இரு நொதிகள். எண்டோபிளாச வலையின் சவ்வுக்கு நடுவே உருவாகும் டிரைகிளிசரைடு, இரண்டு அடுக்குகளுக்கு இடையில் எண்ணெய் வில்லையாகத் திரண்டு, சீப்பின் என்ற புரதத்தின் துணையோடு சைட்டோபிளாசத்தின் பக்கம் மொட்டாகப் புடைக்கிறது. இப்படி வெளிவருவதே தொடக்கத்தில் பார்த்த உருண்டை, அதாவது கொழுப்புத் துளி. அதைச் சுற்றி இருப்பது மற்றச் செல் உறுப்புகளில் உள்ளதுபோன்ற ஈரடுக்குச் சவ்வு அன்று. பாஸ்போலிப்பிடின் ஒற்றை அடுக்குதான். இந்த ஒரு செய்தியை மறந்ததால் வீணான சோதனைகள் பல. அதற்குப் பின்னர் வருகிறேன்.

துளியின் மேற்பரப்பில் பெரிலிப்பின் குடும்பப் புரதங்கள் காவல் நிற்கின்றன. தேவை எழும்போது ஏடிஜிஎல், எச்எஸ்எல், எம்ஜிஎல் என்ற மூன்று நொதிகள் வரிசையாக டிரைகிளிசரைடிலிருந்து ஒவ்வொரு கொழுப்பு அமிலமாகக் கழற்றுகின்றன. இதைத் தவிர, துளியையே லைசோசோமுக்குள் இழுத்துச் சென்று செரிக்கும் லிப்போஃபேஜி என்ற வழியும் உண்டென்று 2009-இல் கல்லீரல் செல்களில் காட்டப்பட்டது.

எரிப்பதா, சேமிப்பதா என்ற முடிவில் மலோனைல்-கோஏ என்ற சிறு மூலக்கூறு திறவுகோலாக நிற்கிறது. புதிய கொழுப்பு அமிலத்தை உருவாக்குவதற்கான முதற்பொருளும் அதுதான். கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும் வாயிலான சிபிடி-1 நொதியை அடைப்பதும் அதுதான். ஆற்றல் குறையும்போது ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொண்டு, மலோனைல்-கோஏயை உருவாக்கும் நொதியின் மீது பாஸ்பேட்டை ஏற்றி அதை முடக்குகிறது. அடைப்பு நீங்கி, எரிப்பு தொடங்குகிறது. உருவாக்கமும் எரிப்பும் ஒரே நேரத்தில் நடந்து ஆற்றல் வீணாகாதபடி ஒரே மூலக்கூறால் செல் இரண்டையும் ஆள்வதை, உயிர்வேதியியலின் அழகான ஏற்பாடுகளில் ஒன்றாக நான் கருதுகிறேன்.

கொழுப்பு அமிலக் கரைசலைத் தயாரித்தல்

இந்தச் சோதனைகளில் பத்தில் எட்டு கெடுவது நுண்ணோக்கியிலோ கணினியிலோ அன்று. கரைசல் தயாரிப்பில்தான் என்பது என் அனுபவம். கொழுப்பு அமிலத்தை நேரடியாக வளர் ஊடகத்தில் ஊற்றினால் அது கரையாது. ஊடகத்திலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து, கடின நீரில் சோப்பு திரிவதைப் போலத் திரிந்துவிடும். இரத்தத்தில் கொழுப்பு அமிலத்தைச் சுமந்து செல்வது ஆல்புமின். ஆகவே நாமும் ஆல்புமினோடு பிணைத்தே கொடுக்க வேண்டும். இதற்குக் கொழுப்பு அமிலம் நீக்கப்பட்ட மாட்டுச் சீரம் ஆல்புமினையே வாங்க வேண்டும். சாதாரண ஆல்புமினில் ஏற்கெனவே கொழுப்பு அமிலங்கள் ஒட்டியிருக்கும். அவை எவை, எவ்வளவு என்பது ஒவ்வொரு தொகுதிக்கும் மாறும்.

10 மி.லி. இருப்புக் கரைசலுக்கு 1 கிராம் ஆல்புமினை எடுத்துக்கொள்ளுங்கள். கால்சியமும் மக்னீசியமும் இல்லாத பாஸ்பேட் உப்புக் கரைசலைச் சுமார் 8 மி.லி. அளந்து, 37 டிகிரி செல்சியஸில் வைத்து, அதன் மேற்பரப்பில் ஆல்புமினைத் தூவிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். குலுக்கினால் நுரைத்துப் புரதம் கெடும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் அது தானாக நனைந்து இறங்கி, இளமஞ்சள் நிறத் தெளிந்த கரைசலாகிவிடும். 10 மி.லி.யையும் முதலிலேயே ஊற்றிவிடாதீர்கள். 1 கிராம் புரதம் தானே முக்கால் மி.லி.க்கு அருகில் இடம் பிடிக்கும், அதன்மேல் சோப்புக் கரைசலும், அதாவது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்புக் கரைசலும், சேர வேண்டும்.

இன்னொரு சிறு குழாயில் 15.2 மி.கி. சோடியம் ஒலியேட்டை 1 மி.லி. வெந்நீரில் கரையுங்கள். சோடியம் ஒலியேட்டின் மூலக்கூறு எடை 304.4 என்பதால் இது 50 மைக்ரோமோல் ஆகும், 10 மி.லி.யில் 5 மில்லிமோலார் செறிவைத் தரும். பால்மிடேட்டுக்கு 13.9 மி.கி. சோடியம் பால்மிடேட் போதும். ஆனால் அது கரைய 70 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் வேண்டும். இந்த வேறுபாட்டைச் சோம்பல்பட்டு ஒதுக்கிவிட வேண்டாம். பால்மிடிக் அமிலம் உருகுவது சுமார் 63 டிகிரியில். ஒலியிக் அமிலமோ 14 டிகிரிக்கு அருகிலேயே திரவமாகிவிடுகிறது. முன்னதன் நேரான வால்கள் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கப்படுகின்றன. பின்னதன் நடுவிலுள்ள ஒரு இரட்டைப் பிணைப்பு வாலை வளைத்து அந்த அடுக்கைக் கலைக்கிறது. உங்கள் குழாயில் காணும் இதே வேறுபாடுதான் நாளை செல்லின் சவ்வுக்குள்ளும் நடக்கப் போகிறது.

சூடான சோப்புக் கரைசலை, 37 முதல் 40 டிகிரியில் மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும் ஆல்புமினுக்குள் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒவ்வொரு சொட்டும் விழும்போது வெண்ணிற இழையொன்று தோன்றி, ஓரிரு நொடிகளில் கரைந்து மறையும். இழை மறைவதைப் பார்த்த பிறகே அடுத்த சொட்டு. மறையாமல் புகைபோல் தேங்கி நின்றால், ஆல்புமின் குளிர்ந்துவிட்டது அல்லது நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்று பொருள். ஒரு மணி நேரம் சுழலவிட்டு, 10 மி.லி.க்கு நிரப்பி, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டி, சிறு பகுதிகளாகப் பிரித்து உறைநிலையில் வையுங்கள். கலங்கிய கரைசலை வடிகட்டித் தெளிவாக்கிவிட்டோம் என்று மகிழ வேண்டாம். வடிகட்டியில் தங்கியது உங்கள் பால்மிடேட்தான்.

இந்த அளவில் ஒவ்வோர் ஆல்புமின் மூலக்கூறுக்கும் 3.3 கொழுப்பு அமில மூலக்கூறுகள் அமைகின்றன. உடலில் சாதாரண வேளைகளில் இந்த விகிதம் 1-க்கு அருகில் இருக்கும், பட்டினியில் கூடும். சிலர் 6 வரை ஏற்றுகிறார்கள். செறிவு ஒன்றாகவே இருந்தாலும் விகிதம் கூடினால் கட்டுறாத கொழுப்பு அமிலம் பன்மடங்கு பெருகும் என்பதால், அறிக்கையில் செறிவை மட்டும் எழுதி விகிதத்தை விட்டுவிட்டால் அந்தச் சோதனையைப் பிறர் திரும்பச் செய்ய இயலாது.

இதே முறையில், சோப்புக்குப் பதிலாக வெறும் நீரைச் சேர்த்த ஆல்புமின் கரைசல் ஒன்றையும் தயாரிக்க வேண்டும். கண்ட்ரோல் குழிகளுக்கு இதுவே செல்லும். கொழுப்பு நீக்கிய ஆல்புமின் சும்மா இருக்கும் பொருளன்று. செல்லிலிருந்தும் ஊடகத்திலிருந்தும் கொழுப்பு அமிலத்தை உறிஞ்சி எடுக்கக்கூடியது. ஆகவே ஆல்புமினே சேர்க்காத குழியோடு ஒலியேட் குழியை ஒப்பிடுவது, எடைக்கல்லை மாற்றிவிட்டு நிறுப்பதற்கு ஒப்பாகும்.

ஊட்டுதலும் சாயமேற்றுதலும்

24 குழித் தட்டில் கண்ணாடிக் கவர்ஸ்லிப்புகளை இட்டு, செல்கள் பாதிக்குச் சற்று மேலாகப் பரவும் வரை வளர்த்துக்கொள்ளுங்கள். ஹெப்-ஜி2 செல்கள் கொத்துக் கொத்தாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி வளரும் இயல்புடையவை; நெருக்கம் மிகுந்தால் துளிகளை எண்ணவே முடியாது. 960 மைக்ரோலிட்டர் ஊடகத்தில் 40 மைக்ரோலிட்டர் இருப்புக் கரைசலைச் சேர்த்தால் 200 மைக்ரோமோலார் ஆகும். சில குழிகளில் கண்ட்ரோல் ஆல்புமின், சிலவற்றில் ஒலியேட், சிலவற்றில் பால்மிடேட் என வைத்துக்கொண்டு, இன்னும் சிலவற்றில் பால்மிடேட்டோடு ஒலியேட்டையும் சேர்த்துக் கொடுங்கள். கூடுதலாகச் செல்லும் ஆல்புமினைக் கண்ட்ரோலிலும் ஈடுசெய்யுங்கள். இந்தக் கடைசிக் குழிகளே கதையின் திருப்பம். சீரத்தின் விழுக்காடும் எல்லாக் குழிகளிலும் ஒன்றாகவே இருக்கட்டும், ஏனெனில் சீரமும் தன் பங்குக்கு ஆல்புமினைக் கொண்டுவருகிறது.

24 மணி நேரம் கழித்து, காற்றோட்டப் பெட்டிக்குள் கையுறையோடு, 4% பாரஃபார்மால்டிஹைடால் 15 நிமிடம் செல்களை நிலைப்படுத்துங்கள். இங்கேதான் நான் முதலில் சறுக்கினேன். ஓர் எதிர்ப்பொருளின் கையேடு குளிர்ந்த மெத்தனாலைப் பரிந்துரைத்ததால் அதையே பயன்படுத்தினேன், துளிகள் மறைந்திருந்தன. நாங்கள் அடக்கியிருந்த மரபணுதான் காரணம் என்று நம்பி மூன்று வாரங்கள் உற்சாகமாக இருந்தேன். கண்ட்ரோல் செல்களையும் அதே முறையில் பார்த்தபோது அவற்றிலும் துளிகள் இல்லை. மெத்தனால், அசிட்டோன், எத்தனால் ஆகியவை கொழுப்பைக் கரைத்தெடுத்துவிடும். டிரைட்டான் எக்ஸ்-100 போன்ற வலுவான சோப்பும், துளியைச் சூழ்ந்த அந்த ஒற்றை அடுக்கையும் அதன்மேல் அமர்ந்த புரதங்களையும் உரித்துவிடக்கூடியது; சப்போனின் அல்லது டிஜிட்டோனின் மென்மையானது. நிலைப்படுத்திய கண்ணாடியை நீர் சார்ந்த பிசினிலேயே பொதிக்க வேண்டும். ஆல்கஹால் வரிசையில் உலர்த்தும் வழக்கம் இங்கு உதவாது.

சாயத்துக்கு, போடிபி 493/503-ஐ மி.லி.க்கு 1 மைக்ரோகிராம் வீதம் இருட்டில் 20 நிமிடம் இட்டு, உட்கருவுக்கு டாபியைச் சேர்த்தால் போதும். நைல் ரெட் மலிவானது. சூழலைப் பொறுத்து நிறம் மாறும் தனித்தன்மை உடையது. துளிக்குள் பொன்மஞ்சளாகவும் சவ்வுகளில் சிவப்பாகவும் ஒளிரும். ஆனால் அதன் ஒளி பல நிறங்களில் கசிவதால், வேறு சாயங்களோடு சேர்க்கும்போது தொல்லை தரும். ஒளிர் நுண்ணோக்கி இல்லாதவர்கள் ஆயில் ரெட் ஓவை நாடலாம். ஐசோபுரொப்பனாலில் கரைத்த இருப்புச் சாயத்தை மூன்று பங்கும் நீரை இரண்டு பங்கும் கலந்து, பத்து நிமிடம் வைத்திருந்து, வடிகட்டி உடனே பயன்படுத்த வேண்டும். வடிகட்டாமல் விட்டால் சாயப் படிகங்களே துளிகளாகத் தோன்றி ஏமாற்றும். பின்னர் அந்தச் சாயத்தைத் தூய ஐசோபுரொப்பனாலில் கரைத்தெடுத்து 510 நானோமீட்டருக்கு அருகில் அளக்கலாம். அந்த அளவு குழி முழுவதற்குமான சராசரி என்பதால், உதிர்ந்துபோன செல்களின் குறையும் அதில் கலந்துவிடும்; புரத அளவாலோ உட்கரு எண்ணிக்கையாலோ வகுக்காமல் அதை நம்ப முடியாது.

படம் எடுக்கும்போது மிகப் பிரகாசமான குழியில், அதாவது ஒலியேட் குழியில், ஒளியளவை முதலில் நிறுத்திக்கொண்டு அதையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துங்கள். துளிகளின் எண்ணிக்கையையும் பரப்பளவையும் செல்வாரியாகத் தனித்தனியே குறியுங்கள். எண்ணிக்கை குறைந்து பரப்பு மாறாதிருந்தால் கொழுப்பு குறைந்துவிட்டதாகப் பொருளில்லை. சிறு துளிகள் இணைந்து பெரிதாகியிருக்கும். ஒரே குழியில் அடுத்தடுத்து இருக்கும் இரு செல்களில் ஒன்றில் ஐந்து துளிகளும் மற்றொன்றில் ஐம்பதும் இருப்பது இயல்பானதே என்பதால், அழகான செல்லைத் தேடிப் படமெடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். பெரிலிப்பின்-2 புரதத்தின் அளவையும், புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து எதிர்ப்பொருளால் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில் பார்த்துவிடுவது நல்லது. துளியின்மேல் இடம் கிடைக்காத பெரிலிப்பின்-2-ஐச் செல் சிதைத்துவிடுவதால், அதன் அளவு துளிகளின் மொத்தப் பரப்பை மறைமுகமாகக் காட்டும்.

பால்மிடேட் குழிகளை எப்படிப் படிப்பது

பால்மிடேட் மட்டும் கொடுத்த குழிகளில் துளி குறைவதற்குக் காரணம், அது உள்ளே போகாதது அன்று. உள்ளே போனது டிரைகிளிசரைடாக எளிதில் மாறாததே. சேமிப்புக்குச் செல்லாத பால்மிடேட் பாஸ்போலிப்பிடுகளுக்குள் புகுந்து எண்டோபிளாச வலையின் சவ்வை இறுக்குகிறது. அந்தச் சவ்வில் பதிந்திருக்கும் ஐஆர்இ-1, பெர்க் என்னும் உணரிகள் இந்த இறுக்கத்தையே அபாய அறிகுறியாக எடுத்துக்கொள்கின்றன. இன்னொரு பகுதி செரீனோடு சேர்ந்து செராமைடாகிறது. இவை நீடித்தால் செல் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது.

ஒலியேட்டைச் சேர்த்துக் கொடுத்த குழிகளில் மொத்தக் கொழுப்பு அமிலம் கூடுதலாக இருந்தும் செல்கள் பிழைத்துக்கொள்கின்றன, துளிகளும் பெருகுகின்றன. ஒலியேட்டின் துணை கிடைத்தவுடன் பால்மிடேட்டும் டிரைகிளிசரைடுக்குள் இழுக்கப்பட்டுவிடுவதை 2003-இல் லிஸ்டன்பெர்கர் குழுவினர் காட்டினர். டிஜிஏடி தடுப்பானைச் சேர்த்துப் பாருங்கள்: துளி உருவாவது நிற்கும், ஒலியேட் தந்த பாதுகாப்பும் தளரும். துளி என்பது கழிவுத் தொட்டியன்று, புகலிடம் என்பதற்கு இதைவிட நேரான சான்று உங்கள் கையால் கிடைக்காது. செல்லும் தன் பங்குக்கு எஸ்சிடி-1 என்னும் நொதியால் நிறைவுற்ற அமிலத்தில் ஒரு இரட்டைப் பிணைப்பை இட்டு வளைத்துக்கொள்கிறது. அந்த நொதி மிகுந்த செல்வரிசைகளில் பால்மிடேட்டின் நச்சு குறைவாகத் தெரியும் என்பதால், பிறர் பயன்படுத்திய செறிவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் 100, 200, 400 மைக்ரோமோலார் என ஏற்றிப் பார்த்து உங்கள் செல்லுக்குரியதைக் கண்டறிய வேண்டும்.

செலவை அளத்தல்

வரவைக் காட்டுவது எளிது. செலவைக் காட்டுவதற்குச் செல்லை முதலில் ஒலியேட்டால் நிரப்பி, பின் ஊடகத்தை மாற்றி, 0, 6, 12, 24 மணி நேரங்களில் துளிகளை அளக்க வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. துளியிலிருந்து விடுபட்ட கொழுப்பு அமிலத்தில் ஒரு பகுதி மீண்டும் டிரைகிளிசரைடாகத் துளிக்கே திரும்பிவிடும். ஆகவே துளிகள் குறையவில்லையென்றால் சிதைவு நடக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. சில குழிகளில் ஊடகத்தை மாற்றும்போதே, கோஎன்சைம்-ஏ பூட்டும் நொதியைத் தடுக்கும் டிரையாக்சின்-சியைச் சேர்த்துவிடுங்கள். திரும்பும் வழி அடைபட்டுவிடுவதால் துளிகள் விரைவாகக் கரையும். டிரையாக்சின் உள்ள குழிக்கும் இல்லாத குழிக்கும் உள்ள இடைவெளிதான், வெளியிலிருந்து பார்க்க அசையாததுபோல் தோன்றும் துளிக்குள் எவ்வளவு சுழற்சி நடந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லும்.

கொழுப்புச் செல்களில் சிதைவை அளப்பவர்கள் ஊடகத்தில் வெளியாகும் கிளிசராலை அளப்பார்கள். அவற்றில் கிளிசராலை மீண்டும் பயன்படுத்தும் நொதி மிகக் குறைவு என்பதால் அம்முறை அங்கே செல்லும். கல்லீரல் செல்களில் அந்த நொதி தாராளமாக இருப்பதால் கிளிசரால் அளவு அங்கே உண்மையைக் குறைத்துக் காட்டிவிடும். இதேபோல, ஏடிஜிஎல் நொதியைத் தடுக்கப் பலரும் வாங்கும் அட்கிலிஸ்டாடின் எலியின் நொதியில் வேலை செய்வது. மனித நொதியைத் தடுப்பதில்லை. ஹெப்-ஜி2-இல் அதைச் சேர்த்துவிட்டு ‘விளைவில்லை’ என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எரிப்பை நிறுத்த எடோமாக்ஸிரைப் பயன்படுத்துவதானால் சில மைக்ரோமோலாருக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். 200 மைக்ரோமோலார் போன்ற அளவுகளில் அது மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியையே நேரடியாகத் தாக்குவதால், எதை அளக்கிறீர்கள் என்பதே தெரியாமல் போகும்.

பட்டினி என்ற சொல்லையும் கவனமாகக் கையாள வேண்டும். சீரத்தை மட்டும் நீக்குவது ஒரு வகைப் பட்டினி. அமினோ அமிலங்களையும் சேர்த்து நீக்கி வெறும் உப்புக் கரைசலில் செல்லை வைப்பது வேறொரு வகை. எலிக் கரு நார்ச்செல்களில் இரண்டாவது வகையைச் செய்தால், துளிகள் குறைவதற்குப் பதிலாகக் கூடுவதைப் பார்க்கலாம். உணவின்றித் தவிக்கும் செல் எங்கிருந்து கொழுப்பைச் சேர்க்கிறது என்ற வியப்பு எழும். அமினோ அமிலம் குறைந்ததும் எம்டார் என்ற நொதித்தொகுதி அடங்கி, தன்னுண்ணல் தொடங்குகிறது; செல் தன் சொந்த உறுப்புகளின் சவ்வுகளைச் செரிக்கும்போது வெளிப்படும் கொழுப்பு அமிலங்களை டிஜிஏடி-1 துளிகளாகக் கட்டி வைக்கிறது. 2017-இல் வெளியான ஆய்வு இந்த நிலையில் டிஜிஏடி-1-ஐத் தடுத்தபோது, கட்டப்படாத கொழுப்பு அமிலங்கள் அசைல்-கார்னிட்டின்களாகத் தேங்கி மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுப்பதைக் கண்டது. துளியிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவுக்குக் கொழுப்பு நகர்வதை நேரில் காண விரும்பினால், சிவப்பில் ஒளிரும் பன்னிரண்டு கார்பன் கொழுப்பு அமிலத்தை இரவு முழுதும் ஊட்டி, கழுவி, ஒரு மணி நேரம் விட்டு, பின் பட்டினி இட்டு, மைட்டோகாண்ட்ரியச் சாயத்தோடு அடுத்தடுத்த நேரங்களில் படமெடுக்க வேண்டும்.

கொலஸ்ட்ரால்: அதே துளி, வேறு கணக்கு

போடிபி ஒளிர்ந்தால் துளி இருக்கிறது என்று தெரியும். அதற்குள் டிரைகிளிசரைடு இருக்கிறதா, கொழுப்பு அமிலத்தோடு பிணைந்த கொலஸ்ட்ராலான கொலஸ்ட்ரால் எஸ்டர் இருக்கிறதா என்று தெரியாது. இதற்குப் பழைய முறையே சிறந்தது. ஃபோல்ச் 1957-இல் வகுத்தபடி குளோரோஃபார்மையும் மெத்தனாலையும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, சிலிக்கா தகட்டில் பொட்டிட்டு, ஹெக்சேன், டைஎத்தில் ஈதர், அசிட்டிக் அமிலம் 80:20:1 கலவையில் ஏறவிடுங்கள். அயோடின் ஆவியில் காட்டினால், உச்சியில் கொலஸ்ட்ரால் எஸ்டரும் அதன்கீழே டிரைகிளிசரைடும், பின்னர் கொழுப்பு அமிலமும், இன்னும் கீழே தனிக் கொலஸ்ட்ராலும் பழுப்புப் பொட்டுகளாகத் தெரியும். பாஸ்போலிப்பிடுகள் தொடங்கிய இடத்திலேயே தங்கிவிடும். குறிக்க மறக்காதீர்கள்; அயோடின் பொட்டுகள் சில நிமிடங்களில் மங்கிவிடும்.

கொலஸ்ட்ராலைச் செல்லால் எரித்து ஆற்றலாக்க முடியாது. ஆகவே அதன் கட்டுப்பாடு வரவிலேயே இறுக்கமாக இருக்கிறது. எண்டோபிளாச வலையின் சவ்வில் ஸ்கேப் என்ற புரதம் எஸ்ஆர்இபிபி-2 என்ற மரபணு இயக்கியைக் கையில் பிடித்தபடி காத்திருக்கிறது. அந்தச் சவ்வின் லிப்பிடுகளில் கொலஸ்ட்ரால் ஏறத்தாழ 5% என்ற வரம்புக்கு மேல் இருந்தால் ஸ்கேப், இன்சிக் என்ற நங்கூரத்தோடு பிணைந்து அங்கேயே நின்றுவிடும். குறைந்தால் நங்கூரம் விலகி, இரண்டும் கோல்கை உறுப்புக்குப் பயணமாகின்றன. அங்கே இரு நொதிகள் எஸ்ஆர்இபிபி-2-ஐ வெட்டி விடுவிக்க, அது உட்கருவுக்குச் சென்று கொலஸ்ட்ரால் தயாரிக்கும் நொதிகளையும், வெளியிலிருந்து கொலஸ்ட்ராலை உள்ளே இழுக்கும் எல்டிஎல் ஏற்பியையும் உருவாக்கும் மரபணுக்களைத் தட்டியெழுப்புகிறது. எல்டிஎல் ஏற்பியைக் கண்டறிந்து இந்தத் துறைக்கு அடித்தளமிட்ட மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1985-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இதை ஆய்வகத்தில் எழுப்ப, லிப்போபுரதம் நீக்கிய சீரத்தில் செல்லை வைத்து, கொலஸ்ட்ரால் தயாரிப்பைத் தடுக்கும் மருந்தான ஒரு ஸ்டாட்டினைச் சேர்த்து 16 மணி நேரம் விட வேண்டும். கூடவே, ஸ்டாட்டின் தடுக்கும் படியில் உருவாகும் பொருளான மெவலோனேட்டையும் 50 மைக்ரோமோலார் சேர்ப்பது வழக்கம். ஸ்டாட்டின் தடுக்கும் பாதையிலிருந்து கொலஸ்ட்ரால் மட்டுமன்றிப் பல புரதங்களுக்கு வேண்டிய கொழுப்பு வால்களும் கிளைப்பதால், அவை வறண்டு செல் சாகாதிருக்க இந்தச் சிறு அளவு உதவுகிறது. கொலஸ்ட்ராலை நிரப்ப இது போதாது. எதிர்ப்பக்கத்துக்கு, இன்சிக்கோடு பிணைந்து ஸ்கேப்பை நிறுத்தும் 25-ஹைட்ராக்சி கொலஸ்ட்ராலைச் சில குழிகளில் சேருங்கள். வெஸ்டர்ன் பிளாட்டில் முழுப் புரதம் 125 கிலோடால்டனுக்கு அருகிலும், வெட்டப்பட்ட துண்டு 68-க்கு அருகிலும் தெரியும். அந்தத் துண்டு உட்கருவில் வெகு விரைவில் சிதைந்துவிடும் என்பதால், செல்களை அறுவடை செய்வதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமின் தடுப்பானைச் சேர்க்காதவர்களுக்குப் பெரும்பாலும் வெறும் படலமே கிடைக்கும்.

தனிக் கொலஸ்ட்ரால் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுவது ஃபிலிப்பின் என்ற சாயம். அது எஸ்டரோடு ஒட்டாது. ஆகவே துளிகளைக் காட்டாது. புற ஊதாவில் ஒளிரும். ஆனால் நீங்கள் குவியத்தைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே வெளிறிவிடும். எனவே குழியின் ஓரத்தில் குவியத்தைப் பிடித்துக்கொண்டு, ஒளியை மூடி, பார்க்காத பகுதிக்குத் தட்டை நகர்த்தி, ஒரே தடவையில் படத்தை எடுத்துவிட வேண்டும். நலமான செல்லில் நீல ஒளி பெரும்பாலும் வெளிச்சவ்வில் படர்ந்திருக்கும். லைசோசோமிலிருந்து கொலஸ்ட்ராலை வெளியேற்றும் என்பிசி-1 புரதத்தை யு18666ஏ என்ற தடுப்பானைக் கொண்டு தடுத்த செல்லிலோ, அந்த ஒளி உட்கருவைச் சுற்றிப் புள்ளிகளாகக் குவிந்துகிடக்கும். மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியிருந்தும், எண்டோபிளாச வலைக்கு அது வந்துசேராததால் செல் தனக்குப் பற்றாக்குறை என்றே கருதி, மேலும் தயாரிக்கவும் மேலும் இழுக்கவும் முனையும். உங்கள் சோதனையில் ஃபிலிப்பின் புள்ளிகளும் வெட்டப்பட்ட எஸ்ஆர்இபிபி-2-உம் ஒருசேரக் கூடியிருந்தால், சந்தேகிக்க வேண்டியது அளவை அன்று, போக்குவரத்தை.